முட்டை காய்வதற்குள், எண்ணெய் காயும் வரை

ஃபிளாரன்ஸ் நகரத்து ஓவியர் நிறம் வாங்க எங்கே போவார் தெரியுமா? மருந்துக் கடைக்கு! மருத்துவர்களும் மருந்து வணிகர்களும் சேர்ந்த சங்கத்தில்தான் ஓவியர்களும் உறுப்பினர்கள். ஒருவர் இருமலுக்குச் சரக்கு கேட்டுக்கொண்டு நிற்பார். அவர் தோளை இடித்துக்கொண்டு இன்னொருவர் மரியன்னையின் உதட்டுக்குச் சாதிலிங்கம் நிறுத்து வாங்குவார். மறுமலர்ச்சிக் கால ஓவியங்கள் மேல் எனக்கிருந்த மரியாதை காதலாக மாறியதே இந்த மாதிரித் தகவல்களால்தான். அருங்காட்சியகத்தில் நாம் பார்ப்பது முடிந்த முகத்தை. அந்த முகத்துக்குப் பின்னால் முட்டை ஓடு, பன்றி மயிர், நாய்ப் பல், குதிரைச் சாணம், ஆட்டுத் தோல், அரக்கு எல்லாம் முண்டியடித்துக்கொண்டு நிற்கின்றன. வாருங்கள், பின்வாசல் வழியாக உள்ளே போவோம்.

போகும்போது ஒரே ஒரு கேள்வியைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்: பூசிய நிறம் காய எவ்வளவு நேரம் ஆகும்? 1400க்கும் 1580க்கும் இடையே ஐரோப்பிய ஓவியத்தில் நடந்த பெரிய மாற்றங்களில் பாதியை இந்த ஒரு கேள்வியே விளக்கிவிடும் என்பது என் கட்சி. முட்டை பூசிய கையோடு காய்ந்துவிடும். சுண்ணாம்பு ஒரு பகல் பொறுக்கும். எண்ணெய் நாள்கணக்கில் ஈரமாகவே இருக்கும். ஓவியரின் கை எப்படி அசைய வேண்டும், அவர் எப்போது மனம் மாறலாம், மாறவே கூடாது என்பதையெல்லாம் இந்த ஈரம்தான் முடிவுசெய்தது.

நமக்கு வழிகாட்டி சென்னினோ சென்னினி. 1400ஆம் ஆண்டை ஒட்டி ஓவியத் தொழிலுக்கு ஒரு கையேடு எழுதியவர். அவர் பரம்பரையைக் கேளுங்கள்: ஜோட்டோவிடம் பயின்றவர் தத்தேயோ காத்தி, அவருடைய மகன் அன்யோலோ காத்தி, அந்த அன்யோலோவிடம் 12 ஆண்டு கிடந்து தொழில் கற்றவர் சென்னினி. பட்டறையில் வாய்மொழியாக மட்டுமே உலவிய விஷயங்களை ஒளிக்காமல் கொட்டியிருக்கிறார் மனிதர்! வரையக் கரித்துண்டு வேண்டுமா? வில்லோ மரக் குச்சிகளைச் சீவிக் கட்டி, புதுச் சட்டியில் அடுக்கி, காற்றுப் புகாமல் களிமண்ணால் வாயை மூடி, ரொட்டி சுடுகிறவர் வேலை முடிக்கும் மாலை நேரத்தில் அவரிடம் கொண்டுபோய், அடுப்பின் மிச்ச சூட்டில் விடிய விடிய வைத்துவிட வேண்டும். மெல்லிய தூரிகை வேண்டுமா? அணில் வால் மயிரைக் கட்டிப் பறவை இறகின் குழலுக்குள் செருக வேண்டும். தடித்த தூரிகைக்கு வீட்டில் வளர்த்த வெள்ளைப் பன்றியின் மயிர். அது முரட்டு மயிராயிற்றே? அதை வைத்து முதலில் சுவருக்கு வெள்ளையடிக்கச் சொல்கிறார். சுவரும் வெளுக்கும், மயிரும் மிருதுவாகும்.

பலகை தயாரிப்பதைப் பார்த்தால் தலை சுற்றும். இத்தாலியில் பெரும்பாலும் பாப்லர் மரம். அதன்மேல் ஆட்டுத் தோல் துண்டுகளைக் காய்ச்சி எடுத்த பசை. அதன்மேல் பழைய லினன் துணி. அதன்மேல் முதலில் முரட்டு ஜெஸ்ஸோ, பிறகு மென் ஜெஸ்ஸோ. இந்த மென் ஜெஸ்ஸோவுக்காக ஜிப்சத்தைத் தொட்டித் தண்ணீரில் ஊறப்போட்டு, இறுகிவிடாதபடி தினமும் கிளறிவிட வேண்டும், ஒரு மாதம்! பிறகு பசையோடு குழைத்து எட்டுப் பூச்சு. பூசி, காயவைத்து, சுரண்டி, தந்தம் மாதிரி வழவழப்பான பின்புதான் முதல் கோடே விழும். இதெல்லாம் யார் வேலை? பயிலும் பையன்கள் வேலை. ஓர் ஆண்டு வெறும் வரைதல், ஆறு ஆண்டு நிறம் அரைப்பதும் பசை காய்ச்சுவதும் பலகை பூசுவதும், இன்னும் ஆறு ஆண்டு தீட்டும் பயிற்சி என்று சென்னினி கணக்குப் போடுகிறார். கடினமான பார்ஃபிரிக் கல் பலகையில், அம்மியில் குழவி ஓடுவது போலக் கல்லை ஓட்டி அரைக்க வேண்டும். சாதிலிங்கத்தைப் பற்றி அவர் சொல்வது எனக்கு மனப்பாடமாகிவிட்டது: அதை 20 ஆண்டு தினமும் அரைத்தாலும் இன்னும் நன்றாகத்தான் வரும் என்கிறார். பாவம் அந்தப் பையன்கள்!

தங்கப் பின்னணிக்கு வேறு சடங்கு. முட்டை வெள்ளைக் கருவில் குழைத்த சிவப்புக் களிமண்ணை முதலில் பூசுவார்கள். மூச்சு பட்டாலே பறக்கும் தங்க ரேக்கை அதன்மேல் மெல்ல இறக்குவார்கள். பிறகு மெருகு ஏற்றும் கருவி வரும். ரத்தக்கல் என்னும் ஹெமடைட் இருந்தால் நல்லது. இல்லையென்றால் நாய், ஓநாய், பூனை, சிறுத்தை, சிங்கம், எந்தப் பிராணியாக இருந்தாலும் சரி, இறைச்சி தின்னும் பிராணியின் பல்லாக இருந்தால் போதும் என்கிறார் சென்னினி. தேவதைகளின் தலைக்குப் பின்னால் ஜொலிக்கும் அந்த ஒளிவட்டத்தைத் தேய்த்து மினுக்கியது நாய்ப் பல்லாக இருக்கலாம். பழைய ஓவியங்களில் தங்கம் தேய்ந்த இடத்தில் லேசான சிவப்பு எட்டிப் பார்க்குமே, அது அடியில் இருக்கும் அந்தக் களிமண்தான்.

இப்போது முட்டைக்கு வருவோம். டெம்பரா என்னும் முறையில் மஞ்சள் கருதான் நிறத்தைப் பலகையோடு பிடித்து வைக்கும் பசை. எந்தக் கோழியின் முட்டை என்பதில்கூட சென்னினிக்குக் கண்டிப்பு உண்டு. நகரத்துக் கோழியின் கரு வெளிறியிருக்கும், அது இளம் முகங்களுக்கு. நாட்டுப்புறக் கோழியின் கரு செம்மஞ்சளாக இருக்கும், அது முதியவர்களுக்கும் கறுத்த முகத்தினருக்கும். ஒரு புனிதரின் வயதைக் கோழி தீர்மானிக்கிறது! ஆனால் முட்டைக்குப் பொறுமை கிடையாது. தண்ணீர் ஆவியானதும் காய்ந்துவிடும். இரண்டு நிறங்களை ஈரத்தில் இழைத்து ஒன்றாக்க நேரமே இல்லை. அதனால்தான் டெம்பரா ஓவியத்தை நெருங்கிப் பார்த்தால் கன்னம் முழுக்க இழை இழையாகக் கோடுகள். வெளிச்சத்திலிருந்து நிழலுக்குப் போகும் வளைவு முழுவதும் நுண்ணிய கோடுகளின் அடர்த்தியால் கட்டப்பட்டது. போட்டிசெல்லியின் தேவதைகளுக்கு இருக்கும் அந்தத் தெளிவான விளிம்பு அழகு அவர் கையின் கொடை, கூடவே முட்டையின் கட்டளை.

சதை நிறத்தின் கீழே பச்சை மண் பூசுவது அன்றைய வழக்கம். மேலே வரும் ரோஜா நிறத்தை அது தணித்து உயிரூட்டும். அறுநூறு ஆண்டுகளில் மேல் நிறம் தேய்ந்துபோன இடங்களில் அந்தப் பச்சை வெளியே வந்துவிட்டது. சியன்னா நகரத்துப் பழைய மரியன்னைகள் சிலர் பச்சை பூத்த முகத்தோடு நம்மைப் பார்ப்பது அதனால்தான்.

நீலத்தைச் சொல்லாமல் என்னால் ஓர் அடி நகர முடியாது. அல்ட்ராமரைன்! இதன் மூலக்கல் லாப்பிஸ் லாசுலி. அது வந்தது ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான் மலைகளில் உள்ள சார்-இ-சங் சுரங்கத்திலிருந்து. அங்கிருந்து தரைவழி, கடல்வழி எல்லாம் கடந்து வெனிஸ் துறைமுகத்தில் இறங்கும். கல்லை வெறுமனே இடித்தால் சாம்பல் நிறப் பொடிதான் கிடைக்கும். நீலத் துகளை மற்றக் கனிமங்களிலிருந்து பிரிப்பதில்தான் சூட்சுமம். பொடியைப் பைன் பிசின், மாஸ்டிக் பிசின், தேன்மெழுகு மூன்றோடும் சேர்த்து உருட்டிப் பிசைந்து, குறைந்தது மூன்று நாள் வைத்திருந்து, வெதுவெதுப்பான காரநீரில் போட்டு இரண்டு குச்சிகளால் அழுத்தி அழுத்திப் பிழிய வேண்டும். வேண்டாத கல் மெழுகோடு ஒட்டிக்கொள்ளும். நீலம் மட்டும் தண்ணீரில் இறங்கும்! முதல் பிழிவு ஆழ்ந்த நீலம், உச்ச விலை. அடுத்தடுத்து வெளிறிக்கொண்டே போய்க் கடைசியில் சாம்பல் கலந்த மங்கல் நீலம். அதையும் எறிய மாட்டார்கள், அதற்கும் ஆள் உண்டு.

ஃபிளாரன்ஸ் மதிலுக்கு வெளியே சான் ஜுஸ்தோ மடத்துத் துறவிகள் இந்த நீலம் காய்ச்சுவதில் பேர்போனவர்கள். அங்கே நடந்ததாக, இத்தாலிய ஓவியர்களின் வாழ்க்கை வரலாறுகளைத் தொகுத்த வசாரி எழுதி வைத்திருக்கும் கதையை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது. மடத்துச் சுவரில் ஓவியர் பெருஜினோ தீட்டிக்கொண்டிருக்கிறார். மடத் தலைவருக்குச் சந்தேகம். நீலப் பையைக் கையிலேயே வைத்துக்கொண்டு கூடவே நிற்கிறார், கேட்கும்போது மட்டும் கொஞ்சம் கொடுக்கிறார். பெருஜினோ இரண்டு தீற்றல் போட்டதும் தூரிகையைத் தண்ணீர்க் கிண்ணத்தில் அலசுகிறார். மறுபடி நீலம் கேட்கிறார். மறுபடி அலசுகிறார். பை இளைக்கிறது, சுவரில் நீலத்தைக் காணோம். இந்தச் சுண்ணாம்பு இவ்வளவையும் குடித்துவிடுகிறதே என்று தலைவர் பதறுகிறார். அவர் போனதும் கிண்ணத்தின் அடியில் படிந்த நீலத்தையெல்லாம் பெருஜினோ சேகரித்து, பிறகு அவரிடமே திருப்பிக் கொடுத்து, நேர்மையானவர்களை நம்பப் பழகுங்கள் என்று சொல்லிவிட்டு வருகிறார். அந்த மடத்தையும் அதன் சுவரோவியங்களையும் 1529இல் ஃபிளாரன்ஸ் முற்றுகையின்போது இடித்துத் தள்ளிவிட்டார்கள். கதை மட்டும் தப்பியது.

நீலம் இப்படி விலைபோனதால் அது ஒப்பந்தத்திலேயே ஏறியது. 1485 அக்டோபரில், ஃபிளாரன்ஸின் அநாதைக் குழந்தைகள் இல்லமான இன்னொசென்டி, மூன்று ஞானிகள் குழந்தை இயேசுவை வணங்கும் பலகை ஓவியத்துக்காக தொமேனிக்கோ கிர்லாந்தாயோவுடன் ஒப்பந்தம் போட்டது. மொத்தம் 115 ஃபுளோரின். நிறமும் தங்கமும் அவர் செலவு. நீலமோ, அவுன்சுக்கு ஏறக்குறைய 4 ஃபுளோரின் மதிப்புள்ள அல்ட்ராமரைனாகவே இருக்க வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். 1488இல் முடிந்த அந்த ஓவியம் இன்றும் அதே கட்டடத்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மரியன்னையின் மேலாடையைப் பார்த்துக்கொண்டு நிற்பவர் ஓர் ஒப்பந்த நிபந்தனையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்!

சிவப்புக் கதையில் நம் பக்கத்துச் சரக்குகள் இரண்டு நுழைகின்றன. ஒன்று அரக்கு. இந்தியாவிலிருந்து போன அரக்கிலிருந்து ஆழ்சிவப்புச் சாயம் எடுத்தார்கள். சென்னினி உயர்த்திப் பேசுவது அதைத்தான். இன்னொன்று சாயமரம். கேரளத்தில் பதிமுகம் என்று குடிதண்ணீரில் போட்டு இளஞ்சிவப்பாகக் கொதிக்க வைக்கிறார்களே, அதே மரம் தென்னிந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கப்பலேறி இத்தாலியச் சந்தைக்குப் போனது. இவை போக, மத்தியதரைக்கடல் ஓக் மரங்களில் வாழும் கெர்மிஸ் பூச்சி. அதன் சாயத்தை நேரடியாக வாங்கினால் விலை அதிகம் என்று, சாயமேற்றிய விலையுயர்ந்த கம்பளித் துணியைக் கத்தரிக்கும்போது விழும் தூசுகளை வாங்கிக் காரநீரில் கரைத்துப் படிகாரத்தால் நிறத்தைப் படியவைத்தார்கள். ஓவியத் துணுக்கை இன்று நுண்ணோக்கியில் வைத்தால் சில சமயம் அந்தக் கம்பளி இழைகள் தெரிகின்றன. யாரோ ஒரு பிரபுவின் அங்கிக்கு வெட்டிய துணியின் மிச்சம் ஒரு புனிதரின் அங்கியில் மாட்டிக்கொண்டிருக்கிறது! பதினாறாம் நூற்றாண்டில் மெக்சிகோவின் கொச்சினீல் பூச்சி வந்து இந்தச் சந்தையையே புரட்டிப் போட்டது.

வெள்ளை எப்படி வந்தது என்று கேட்டால் மூக்கைப் பொத்திக்கொள்ளுங்கள். ஈயத் தகடுகளை வினிகர் ஊற்றிய பானைகளில் வைத்து, பானைகளைச் சாணக் குவியலுக்குள் வாரக்கணக்கில் புதைத்து வைப்பார்கள். வினிகர் ஆவியும், புளிக்கும் சாணத்தின் சூடும், அது கக்கும் கரியமில வாயுவும் சேர்ந்து தகட்டின்மேல் வெண்மையாகப் பொரியவைக்கும். அதுதான் ஈய வெள்ளை. விஷம். சாதிலிங்கம் பாதரசமும் கந்தகமும் சேர்ந்தது. மஞ்சள் அரிதாரமும் செம்மஞ்சள் மனோசிலையும் ஆர்சனிக். நம் சித்த மருத்துவ நூல்களுக்கு நன்கு அறிமுகமான இந்தப் பெயர்கள் எல்லாம் ஒரு வெனிஸ் ஓவியரின் மேசையில் கிண்ணம் கிண்ணமாக இருந்திருக்கின்றன.

சுவர் ஓவியம், அதாவது ஃப்ரெஸ்கோ, முழுக்க முழுக்கக் கடிகாரத்தோடு நடக்கும் பந்தயம். ஈரச் சுண்ணாம்புச் சாந்தின்மேல் தண்ணீரில் கலந்த நிறத்தைப் பூசினால், சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்துக் கல்லாக இறுகும்போது நிறத்தையும் தன்னோடு பூட்டிக்கொள்ளும். பசையே வேண்டாம்! ஆனால் அன்றைக்கு எவ்வளவு தீட்ட முடியுமோ அவ்வளவுக்கு மட்டும்தான் காலையில் சாந்து பூச வேண்டும். இத்தாலியர்கள் ஜோர்னாத்தா என்று சொல்லும் ஒரு நாள் வேலை அது. மாலையில் மிச்சமிருக்கும் சாந்தை ஓரம் சரித்து வெட்டி எறிந்துவிட வேண்டும். பக்கவாட்டில் விளக்கடித்துப் பார்த்தால் அந்தத் தையல் கோடுகள் இன்றும் தெரியும். ஒரு முகத்துக்கு ஒரு நாள், ஒரு துண்டு வானத்துக்கு ஒரு நாள் என்று ஓவியரின் நாட்குறிப்பையே சுவரில் எண்ணலாம். சாந்து காயும்போது நிறம் வெளிறும், அதையும் மனதில் கணக்கிட்டே பூச வேண்டும். நீலங்கள் சுண்ணாம்போடு ஒத்துப்போகாததால் காய்ந்த பிறகு பசையோடு தனியாக ஏற்றினார்கள், அதனால்தான் பல சுவர்களில் நீலம்தான் முதலில் உதிர்ந்திருக்கிறது. ஈய வெள்ளையும் சுவரில் துரோகம் செய்யும். அசிசி நகரத்து மேல்கோயிலில் சிமாபூவே தீட்டிய சிலுவைக் காட்சியில் வெள்ளை கறுத்துப்போய், முழுச் சுவரும் புகைப்பட நெகட்டிவ் ஆகிவிட்டது.

இந்த அவசரத்தைச் சமாளிக்க வந்ததுதான் கார்ட்டூன் என்னும் முழு அளவுக் காகித வரைபடம். காகிதம் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியதும் ஓவியர்கள் யோசிப்பதைச் சுவருக்கு வெளியே, நிதானமாகச் செய்துகொண்டார்கள். கோடுகள் நெடுக ஊசியால் துளையிட்டு, காகிதத்தைச் சுவரில் வைத்துக் கரிப்பொடி மூட்டையால் தட்டினால் புள்ளிப் புள்ளியாகப் படம் இறங்கிவிடும். நம் ஊர் எம்பிராய்டரிக் கடைகளில் இன்றும் புடவைக்கு இப்படித்தான் டிசைன் இறக்குகிறார்கள்! ரஃபேல் ‘ஏதென்ஸ் பள்ளி’க்காக வரைந்த கார்ட்டூன், ஏறக்குறைய 8 மீட்டர் அகலத்தில், மிலான் நகரத்து அம்ப்ரோசியானாவில் இருக்கிறது. ஃபிளாரன்ஸின் சாந்தா மரியா நொவெல்லா கோயிலில் மசாச்சோ 1427ஐ ஒட்டித் தீட்டிய ‘திரித்துவம்’ இன்னும் வேடிக்கை. தொலைவுக் கோடுகள் எல்லாம் ஒரு புள்ளியில் கூட வேண்டும் என்பதற்காக ஆணியடித்து நூல் கட்டி, ஈரச் சாந்தில் அழுத்தியிருக்கிறார். நூலின் தடம் இன்றும் அங்கேயே இருக்கிறது.

மைக்கலாஞ்சலோ 1508இல் சிஸ்டைன் தேவாலயக் கூரையைத் தொடங்கியபோது சாந்தில் பூஞ்சை பிடித்தது. இது என் தொழிலே இல்லை என்று அவர் கையை விரித்துவிட்டார். சாந்து தண்ணீராக இருப்பதுதான் கோளாறு என்று கட்டடக் கலைஞர் ஜூலியானோ ட சங்கல்லோ வந்து சொல்லிக்கொடுத்த பிறகே வேலை நகர்ந்தது. படுத்துக்கொண்டு தீட்டினார் என்று ஊரெல்லாம் சொல்வார்கள். இல்லை, சாரத்தில் நின்றபடி, கழுத்தைப் பின்னால் மடக்கி, முகத்தில் நிறம் சொட்டச் சொட்டத் தீட்டினார்; அந்தக் கோலத்தைத் தானே சின்னப் படமாக வரைந்து வைத்திருக்கிறார். பல ஆண்டு கழித்து ‘இறுதித் தீர்ப்பு’க்காக அதே தேவாலயச் சுவரை எண்ணெய் ஓவியத்துக்கு ஏற்றபடி ஓவியர் செபாஸ்தியானோ தெல் பியோம்போ தயார் செய்துவைத்தார். மைக்கலாஞ்சலோ அதைச் சுரண்டி எறியச் சொன்னார். எண்ணெய் என்பது பெண்களுக்கும் சோம்பேறிகளுக்கும் ஆனது என்று அவர் பொரிந்ததாக வசாரி எழுதுகிறார். அந்த விஷயத்தில் நான் மைக்கலாஞ்சலோ பக்கம் நிற்க மாட்டேன். ஏனென்றால் இனி வரப்போவது எண்ணெய்!

எண்ணெய் ஓவியத்தைக் கண்டுபிடித்தவர் யான் வான் எய்க் என்று வசாரி சொல்லிவிட்டுப் போனார், உலகமும் நம்பியது. உண்மை அதைவிடப் பரவசமானது. ஆப்கானிஸ்தானின் பாமியான் குகைகளில் ஏழாம் நூற்றாண்டு பௌத்த ஓவியங்களிலேயே உலரும் எண்ணெய் இருப்பதை 2008இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் தியோஃபிலஸ் என்னும் துறவி எண்ணெயில் நிறம் கலப்பதை எழுதியிருக்கிறார், காய்வதற்குள் பொறுமை போய்விடுகிறது என்ற புலம்பலோடு. வான் எய்க்கும் அவர் காலத்து ஃபிளாண்டர்ஸ் ஓவியர்களும் செய்தது, அந்தக் குறையையே வரமாக மாற்றியது. ஆளி விதை எண்ணெய் தண்ணீரைப் போல ஆவியாவதில்லை. காற்றின் ஆக்சிஜனை உண்டு மெல்ல மெல்ல இறுகுகிறது. அதுவரை நிறத்தை இழைக்கலாம், துடைக்கலாம், திருத்தலாம். இன்னொரு அதிசயம்: எண்ணெயில் மிதக்கும் சில நிறங்கள் கண்ணாடி போல ஒளி ஊடுருவும் தன்மை பெறுகின்றன. மெல்லிய பூச்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றினால், வெளிச்சம் அத்தனை அடுக்கையும் துளைத்து அடியிலிருக்கும் வெள்ளைப் பரப்பில் பட்டுத் திரும்பி வருகிறது. 1434இல் வான் எய்க் தீட்டிய அர்னோல்ஃபினி தம்பதியில் அந்தப் பெண்ணின் பச்சை ஆடையைப் பாருங்கள். நிறம் துணியின் மேலே இல்லை, உள்ளே இருக்கிறது!

1483 மே 28. ஃபிளாரன்ஸின் சான் ஃப்ரெதியானோ வாயிலில் ஒரே அமளி. மெதிச்சி வங்கியின் ப்ரூஷ் கிளையை நடத்திய தொம்மாசோ போர்ட்டினாரி, ஹ்யூகோ வான் டெர் கூஸிடம் தீட்டச் சொன்ன மாபெரும் மடிப்புப் பலகை ஓவியம் வந்து இறங்குகிறது. கடல்வழியாகச் சிசிலியைச் சுற்றி, பீசா வந்து, ஆர்னோ நதியில் ஏறி வந்திருக்கிறது. 16 சுமைக்காரர்கள் அதைச் சாந்தா மரியா நுவோவா மருத்துவமனைக்குத் தூக்கிப் போகிறார்கள். திறந்து பார்த்த ஃபிளாரன்ஸ் ஓவியர்களின் முகங்களைக் கற்பனை செய்துபாருங்கள்! கண்ணாடிக் குவளைக்குள் தண்ணீர், பூக்கள், பல் விழுந்த வாயைத் திறந்தபடி குழந்தையை நோக்கி ஓடிவரும் மேய்ப்பர்கள். இரண்டே ஆண்டில், 1485இல், சாந்தா திரினித்தா கோயிலுக்குக் கிர்லாந்தாயோ தீட்டிய ஓவியத்தில் அதே மேய்ப்பர்கள் இத்தாலிய முகங்களோடு வந்து மண்டியிட்டுவிட்டார்கள். ஆனாலும் கிர்லாந்தாயோ முட்டையை விடவில்லை. புதியதை வியப்பது வேறு, கை பழகியதை விடுவது வேறு.

விட்டவர் லியோனார்டோ. தன் ஆசான் வெர்ரோக்கியோவின் ‘இயேசுவின் திருமுழுக்கு’ டெம்பராவில் தொடங்கிய ஓவியம். அதன் ஓரத்தில் லியோனார்டோ எண்ணெயில் தீட்டிய தேவதையின் கன்னம் மட்டும் தனியாக மூச்சு விடுகிறது. ஆனால் அவருக்கும் எண்ணெய் உடனே வசப்படவில்லை. 1470களில் தீட்டிய ஜினேவ்ரா தே பென்சியின் பரப்பில் சில இடங்களில் நிறம் சுருங்கித் திரைந்திருக்கிறது. மேல்தோல் சீக்கிரம் காய்ந்து, அடி ஈரமாக இருந்தால் வரும் கோளாறு அது. அதே ஓவியத்தில் அவருடைய விரல் ரேகை பதிந்திருக்கிறது! ஈர எண்ணெயை விரலால் ஒத்தி விளிம்புகளைக் கரைத்திருக்கிறார். வாஷிங்டனில் அந்த முகத்தின் முன் நிற்பவர் லியோனார்டோவின் தோலுக்கு அவ்வளவு அருகில் நிற்கிறார். இதே ஈர ஆசைதான் அவரை மிலானில் கவிழ்த்தது. சுண்ணாம்பின் ஒரு நாள் கெடு அவருக்குப் பிடிக்கவில்லை. 1495 முதல் 1498 வரை ‘கடைசி இராவுணவை’ காய்ந்த சுவரில் தன் விருப்பம் போல நிதானமாகத் தீட்டினார். 1517இலேயே உதிரத் தொடங்கியதைப் பார்த்தவர்கள் எழுதிவிட்டார்கள்.

வெனிஸுக்குத் தாவுவோம், அங்கேதான் எண்ணெய் துணியோடு கைகோத்தது. உப்புக் காற்று அந்த ஊரில் சுவரோவியத்தை வாழ விடாது. 1508இல் ஜெர்மானிய வணிகர் மாளிகையின் வெளிச்சுவரில் ஜோர்ஜோனேவும் இளம் டிஷியனும் தீட்டியதில் இன்று சில துண்டுகள்தான் மிச்சம். ஆனால் பாய்க்கப்பல்களின் ஊரில் பாய்த்துணிக்கா பஞ்சம்? கேன்வாஸ் இலேசானது, தைத்து எவ்வளவு பெரிதாகவும் ஆக்கலாம், சுருட்டிக் கப்பலில் ஏற்றலாம். டிஷியன் ஸ்பெயின் மன்னர் இரண்டாம் ஃபிலிப்புக்கு அப்படித்தான் அனுப்பினார். நிறம் விற்பதற்கென்றே தனிக் கடைக்காரர்களும் இங்கே முளைத்துவிட்டார்கள். மருந்துக் கடையில் காத்திருக்க வேண்டியதில்லை! டிஷியனின் ‘பாக்கஸும் அரியாட்னேயும்’ அந்தக் கடைத்தெருவையே அள்ளிக் கொட்டிய மாதிரி இருக்கும். அல்ட்ராமரைன் வானம், சாதிலிங்கம், ஆழ்சிவப்பு, செம்புப் பச்சை எல்லாம் ஒரே துணியில்.

ஈரம் தந்த பெரிய சுதந்திரம் மனம் மாறுவது. ஜோர்ஜோனேவின் ‘புயல்’ ஓவியத்தை 1939இல் எக்ஸ்-ரே எடுத்தபோது, இடப்பக்கம் நிற்கும் இளைஞனின் இடத்தில் நீரில் கால் நனைக்கும் இன்னொரு பெண் இருந்தாள். வரைந்துவிட்டு அழித்திருக்கிறார்! டெம்பராக்காரர் இப்படி நடுவழியில் ஓர் ஆளையே மாற்ற நினைத்திருக்கவும் மாட்டார். முதிய டிஷியன் இதை எல்லைக்கே கொண்டுபோனார். ஓவியத்தைத் தொடங்கிச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி மாதக்கணக்கில் வைத்துவிட்டு, பிறகு எதிரியைப் பார்ப்பது போல வெறித்துப் பார்த்துத் திருத்துவாராம். கடைசிக் கட்டத்தில் தூரிகையைவிட விரல்களால் தீட்டியதே அதிகம் என்று அவரிடம் இருந்த இளைய பால்மா சொன்னதாகப் பின்னாளில் பதிவாகியிருக்கிறது.

ஆய்வகக்காரர்கள் இன்று இந்தச் சமையல்களை மறுபடி கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் எனக்குத் தாங்க முடியாத குதூகலம். ஈயமும் வெள்ளீயமும் சேர்ந்த ஒரு மஞ்சள் டிஷியன் காலத்தில் எங்கும் இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் வழக்கொழிந்து அடியோடு மறந்துபோனது. 1941இல் மியூனிக்கில் ரிச்சர்ட் யாக்கோபி என்னும் ஆய்வாளர் பழைய ஓவியங்களில் எதிர்பாராத வெள்ளீயத்தைக் கண்டு அதை அடையாளம் காட்டும் வரை, அப்படி ஒரு மஞ்சள் இருந்ததே தெரியாமல் வல்லுநர்கள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2023இல் மோனா லிசாவின் மூலையிலிருந்து எடுத்த, முடியிழை அகலமே உள்ள துணுக்கை ஆராய்ந்தபோது அடிப்பூச்சில் பிளம்போனாக்ரைட் என்னும் அரிய ஈயச் சேர்மம் கிடைத்தது. நம் நாட்டு மருந்துக் கடையில் மிருதாரசிங்கி என்பார்களே, அந்த ஈய ஆக்சைடை எண்ணெயில் காய்ச்சி, அடர்த்தியாகவும் சீக்கிரமாகவும் காயும் பூச்சை லியோனார்டோ செய்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் முடிவு. ‘கடைசி இராவுணவு’ துணுக்குகளிலும் அதே தடயம்! அவருடைய கையெழுத்துப் பிரதிகளில் அந்த ஈய ஆக்சைடு வரும் இடங்களோ, முடிக்கும் தோலுக்குமான மருந்துக் குறிப்புகள் மட்டும்தான்.